பழைய ஆட்களும் புதியவர்களும் ஒரே குழுவாகக் குவெஸ்ட் போனால் சரிவருமா?

ஆன்லைன் விளையாட்டில் குவெஸ்ட் (விளையாட்டு தரும் பணி) போகிற நாலு பேர் குழுவில் இரண்டு பேர் புதுசு, ஆட்டம் இழுக்கிறது, யாருக்கும் திருப்தி இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவரும், ஆனால் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். காரியம் கெடுவதே பெரும்பாலும் அங்கேதான்.

நான் அதிகம் ஆடியது ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் விளையாட்டு, அதை வைத்தே சொல்கிறேன். 2017இல் சேர்ந்தேன். முதல் கதையின் முடிவில் பிரீட்டோரியம் என்று ஒரு டன்ஜன் (குழுவாகப் போய் எதிரிகளை வெல்லும் இடம்) வரும், அப்போது அதற்கு 8 பேர் வேண்டும். எனக்கு அது பல வாரக் கதையின் உச்சகட்டம், கூட வந்த ஏழு பேருக்கோ தினசரி பாயிண்ட் வாங்கும் இடம். நான் கட்சீனை, அதாவது நடுவில் கதை சொல்லும் காட்சியை, ஒரு வசனம் விடாமல் படித்துக்கொண்டிருக்க, அவர்கள் தட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். பார்த்து முடித்து வெளியே வந்தால் பாஸ், அதான் பெரிய எதிரி, செத்துக்கிடக்கிறது! அவர்களைத் திட்டியும் பயனில்லை, பிறகு நானும் அதையேதான் செய்தேன்.

விளையாட்டை உருவாக்கியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. 2018இல் அங்கே கட்சீன்களைத் தட்டிவிடவே முடியாதபடி செய்தார்கள், உடனே பழையவர்கள் அந்த நேரத்தில் சமைக்கவும் துணி காயப்போடவும் பழகிக்கொண்டார்கள். 2022இல் அதையே 4 பேர் ஆடும்படி மாற்றி, கடைசிச் சண்டையைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

லெவல் வித்தியாசம் இதை விடச் சின்னப் பிரச்சினை. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற இன்னொரு ஆன்லைன் விளையாட்டு 2004லேயே புதியவரைப் பழையவரின் லெவலுக்குப் பக்கத்தில் தற்காலிகமாக ஏற்றிவிட்டது, ஃபைனல் ஃபேன்டசி பழையவரை இறக்குகிறது. என் ஆள் 100 லெவலாக இருந்தாலும் ஆரம்ப டன்ஜனுக்குப் போனால் அந்த லெவல்தான், பெரிய அடிகள் எதுவும் கையில் இருக்காது. குழுவில் யாராவது முதன்முறை வந்திருந்தால் மற்ற எல்லோருக்கும் கூடுதல் போனஸ் வேறு, அதனால் புதியவரைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் குறைவு. இந்த இறக்கத்தை அணைத்துவிட்டுப் போகவும் வழி இருக்கிறது. என் நண்பனை ஒருமுறை அப்படிக் கூட்டிப்போய், வந்ததையெல்லாம் ஒரே அடியில் சாய்த்தேன். அவன் பின்னாலேயே நடந்து பெட்டிகளைத் திறந்தான், அடுத்த வாரம் ஆட்டத்தையே விட்டுவிட்டான்.

அதனால் சித்தி பையன் ஆட வந்தபோது வேறு மாதிரி செய்தேன். அவனை டேங்க் (முன்னால் நின்று அடி வாங்குபவர்) ஆக்கிவிட்டு நான் ஹீலராக (மற்றவர்களைக் குணப்படுத்துபவராக) போனேன். புதியவரை டிபிஎஸ்ஸில், அதாவது எதிரியை அடிப்பதே முக்கிய வேலையான இடத்தில், ஒளித்துவைப்பதுதான் வழக்கம் என்று தெரியும், ஆனால் வேகம் டேங்க் கையில் இருக்கிறது, எத்தனை எதிரிகளை இழுப்பது, எப்போது நின்று மூச்சு விடுவது எல்லாம் அவன் முடிவு. பின்னால் இருக்கும் ஹீலர் அனுபவசாலியாக இருந்தால் அவன் செய்கிற தப்பை அடைத்துவிடலாம். தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்: பழைய டேங்க் சுவர் வரைக்கும் அத்தனையையும் இழுத்துக்கொண்டு ஓடுவார், புது ஹீலர் எந்தப் பட்டனை அமுக்குவது என்று தேடுவதற்குள் எல்லோரும் தரையில்.

முதல் டன்ஜன் சஸ்டாஷா. உள்ளே ரத்தக்கறை படிந்த ஒரு குறிப்புத் தாள் கிடக்கும், அதில் ஒரு நிறம் எழுதியிருக்கும், சிவப்பு, நீலம், பச்சை என மூன்று பவளங்களில் அந்த நிறத்தைத் தொட்டால் முதல் பாஸ் வரும். நான் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. கூட வந்த இருவரில் ஒருவர் ஏற்கெனவே பவளத்தின் பக்கத்தில் போய்க் குதித்துக்கொண்டிருந்தார். “முதல் முறை வந்திருக்கிறான், அவனே படிக்கட்டும்” என்று சாட்டில் எழுதினேன், நின்றுவிட்டார். பாதி நிமிஷம் ஹெட்செட்டில் சத்தமே இல்லை. அப்புறம், “அண்ணா, நீலம்னு போட்டிருக்கு, நீலத்தையா தொடணும்?” என்றான். தெரியவில்லையே, தொட்டுப் பார் என்றேன். பொய்தான்.

அவன் ஒரு இடத்தில் செத்தான், எழுப்பிவிட்டேன், ஏன் செத்தாய் என்று விளக்கவில்லை. கேட்டால் சொல்லுங்கள், ஒரே இடத்தில் இரண்டு தடவை எல்லோரும் விழுந்தால் ஒரு வரி சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பாஸ் என்னென்ன செய்யும் என்று சண்டைக்கு முன்னாடியே பத்து வரி ஒப்பிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களோடு ஆடுவது டியூஷன் போகிற மாதிரி. உங்கள் குழுவில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார்.

பழையவர்களுக்கு அவசரமான நாள் என்றால் அன்று புதியவர்களைக் கூப்பிடவே வேண்டாம், அவர்கள் தனியாக வேகமாக முடிக்கட்டும், அதில் தப்பில்லை. எங்கள் குழுவில் சனிக்கிழமை இரவு மட்டும் கலந்து போகிறோம். பாஸ் சண்டை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மூடிக்கொள்ளும், கட்சீனில் இருப்பவர் வெளியே மாட்டிக்கொள்வார் என்பதால், புதியவர் “வந்துட்டேன்” என்று சொல்லாமல் யாரும் பாஸைத் தொடுவதில்லை. எங்களில் ஒருவர் அந்த இடைவெளியில் இரண்டு தோசை வார்த்துக்கொண்டு வந்துவிடுவார், சட்னி அரைக்கத்தான் நேரம் போதவில்லையாம்.