செக் எங்கிருந்து வந்தது? (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

வங்கி செக், செஸ்ஸில் வைக்கிற செக், கட்டம் போட்ட செக் சட்டை, செக் போஸ்ட், ஆஸ்பத்திரி செக்கப் எல்லாம் ஒரே சொல்லா, இல்லை ஒலிதான் ஒன்றா? ‘மாட்டை ஒரே வட்டத்தில் கட்டிப்போடும் நம் செக்குதான் ஆங்கிலத்துக்குப் போனது’ என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொன்ன ஐந்தும் ஒரே சொல்தான். ஆனால் மூலம் செக்கு அல்ல, பாரசீக ‘ஷா’. அரசர் என்று பொருள். எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது ‘ஷா’ என்று சொல்லி எச்சரிப்பார்கள். அரபு வழியாக ஐரோப்பா போன இந்தச் சொல் இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்று உருமாறியது. ஸ்கூலை நாம் ‘இஸ்கூல்’ ஆக்குகிறோமே, பிரெஞ்சுக்காரர்கள் முன்னால் ‘எ’ சேர்த்ததும் அப்படித்தான். ஆங்கிலம் அதை நறுக்கிவிட்டு ‘செக்’ என்றது. எஸ்செக்கின் பன்மை வடிவமும் அதேபோல் தலை இழந்து ‘செஸ்’ ஆனது. ஆக, விளையாட்டின் ஆங்கிலப் பெயரே செக்கின் பன்மைதான். சதுரங்கம் என்ற பெயரின் எச்சம் ஸ்பானிய ‘அஹெத்ரெஸ்’ஸில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இல்லை.

செக் வைத்துவிட்டால் ராஜாவைக் காப்பதைத் தவிர வேறு நகர்த்தல் கிடையாது. அதிலிருந்து தடுத்தல், கட்டுப்படுத்தல் என்ற பொருள்கள் வந்தன. கட்டுப்பாட்டில் வைக்க ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் சரிபார்த்தலும் சேர்ந்தது. செக்கப் இந்தக் கடைசிப் பொருள். செக் போஸ்ட்டில் இரண்டும் உண்டு: வண்டியை நிறுத்துகிறார்கள், காகிதத்தையும் பார்க்கிறார்கள்.

சட்டைக்கு வழி வேறு. ஆட்டப் பலகைக்குப் பிரெஞ்சில் ‘எஸ்செக்கியே’ என்று பெயர். பலகையின் கட்டங்களே துணியின் கட்டங்களுக்கும் பெயராயின.

அதே பலகைதான் இங்கிலாந்தின் கருவூலத்துக்கும் ‘எக்ஸ்செக்கர்’ என்ற பெயரைத் தந்தது. 12-ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற பொருளாளர், அங்கே காய்கள் வைத்துக் கணக்குப் பார்த்த மேசையை அளவோடு விவரித்திருக்கிறார்: 10 அடி நீளம், 5 அடி அகலம், காய்கள் உருண்டு விழாமல் சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு, மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. வலது ஓரப் பத்தியில் பென்னி, அடுத்தது ஷில்லிங், அதற்கடுத்துப் பவுண்டு, பிறகு இருபது பவுண்டுகள், நூறு, ஆயிரம் என்று இடப்பக்கம் ஏறும். 23 பவுண்டு 5 ஷில்லிங் 7 பென்னி என்றால் வலமிருந்து 7, 5, 3, 1 காய்கள். மாவட்ட அதிகாரி கட்டவேண்டியதை மேல் வரிசையிலும் கட்டியதைக் கீழ் வரிசையிலும் வைத்துக் கழிப்பார்கள். ரோமன் எண்களை எழுதிக் கழித்துப் பாருங்கள், துணியின் அருமை தெரியும்! பொருளாளரும் அதிகாரியும் இங்கே மோதுவது செஸ் போல இருக்கிறது என்று ஃபிட்ஸ்நீலே எழுதுகிறார்.

வங்கி செக்கில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அது கருவூலத்திலிருந்து நேராக வந்ததல்ல, சரிபார்க்கும் செக்கிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்றால் பணச்சீட்டின் அடிக்கட்டை. கள்ளச்சீட்டு வந்தால் ஒப்பிட்டுப் பிடிப்பதற்காக வைத்திருப்பது. பிறகு கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே அந்தப் பெயர் போனது. எக்ஸ்செக்கரின் எழுத்தைப் பார்த்து பிரிட்டிஷார் கடைசியில் ‘க்யூ யூ ஈ’ போட்டார்கள். நம் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் இருப்பதும் அதுதான். அமெரிக்கர்கள் இன்றும் ‘சி கே’ போட்டே முடிக்கிறார்கள்.

‘செக்மேட்’ என்றால் ‘ராஜா செத்தார்’ என்பார்கள். அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்பதால் வந்த விளக்கம் அது. பாரசீக ‘மாத்’துக்கு வழியின்றித் திகைத்து நிற்பவர் என்று பொருள். ராஜாவை வெட்டாமலே ஆட்டம் முடிவதால், எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

உங்கள் குழு நண்பரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவங்களில் ‘எஸ்’ ஒலி இருக்கிறதே, அது செக்கில் எங்கே? எண்ணெய் ஆட்டும் பொருளில் அந்தச் சொல் ஐரோப்பாவில் எந்த ஏட்டில் இருக்கிறது? இன்று காதில் ஒன்றாக விழுவது சான்றாகாது. செக் குடியரசின் செக்கும் அதே ஒலிதான், ஆனால் அது அந்த மக்களின் இனப்பெயர். ஷாவோடு அதற்கு உறவே இல்லை.