மூன்று மெயில் ஆப், ஒரு போன்: எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறேன். சொந்த மெயில் ஜிமெயிலில். கம்பெனி பெயரில் தனி ஐடி ஒன்று. பழைய யாஹூ ஐடியும் உண்டு. ஆண்ட்ராய்டு போன் வாங்கும்போதே ஜிமெயில் ஆப் இருந்தது. பையன் அவுட்லுக் போட்டுக் கொடுத்தான். நண்பர், "ஜோஹோதான் நம்ம ஊர்ச் சரக்கு" என்கிறார். ஒரே மெயிலுக்கு இரண்டு முறை மணி அடிக்கிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் எதை? மற்றதை அழித்தால் மெயில்கள் போய்விடுமா?

பதில்: போகாது. மெயில் இருப்பது சர்வரில். ஆப் அதை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். கம்பெனி ஐடியில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. அது ‘பாப்’ (POP) முறையில் செட் ஆகியிருந்தால், மெயிலைப் போனில் இறக்கியதும் சர்வரில் அழித்துவிடும்படி வைத்திருக்க வாய்ப்புண்டு. ‘ஐமேப்’ (IMAP, மெயில் சர்வரிலேயே இருக்கும் முறை) என்றிருந்தால் பயமில்லை. அழிக்கும் முன் அக்கவுண்ட் செட்டிங்கில் பார்த்துவிடுங்கள்.

எந்த ஆப் என்பதற்கு விடை உங்கள் கம்பெனி மெயிலை யார் நடத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. வெப்சைட் செய்துகொடுத்தவரைக் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவார். கூகுளின் கம்பெனி மெயில் சேவையான வொர்க்ஸ்பேஸ் என்றால் ஜிமெயில் ஆப், மைக்ரோசாஃப்ட் 365 என்றால் அவுட்லுக், ஜோஹோ என்றால் ஜோஹோ மெயில். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

வெப்சைட் ஹோஸ்டிங்கோடு (வெப்சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்) சேர்ந்து கிடைத்த மெயில் என்றால்தான் யோசனை வேண்டும். அதையும் யாஹூவையும் ஜிமெயில் ஆப்பிலேயே சேர்த்து, எல்லா இன்பாக்ஸையும் ஒரே பட்டியலாகப் பார்க்கலாம். ஆனால் இப்படிச் சேர்த்த ஐமேப் அக்கவுண்ட்டில் மெயில் விழுந்த நொடியே மணி அடிக்காது. ஆண்ட்ராய்டில் அந்த ஆப் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வரும். வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை. பையர் விலை கேட்டு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்போது 15 நிமிடம் பெரிதா என்பது உங்கள் தொழிலைப் பொறுத்தது.

பெரிதுதான் என்றால் தண்டர்பேர்டு என்ற மெயில் ஆப்பைப் போடுங்கள். அது சர்வரோடு தொடர்பைத் திறந்தே வைத்திருக்கும்; மெயில் வந்த கையோடு சொல்லும். கே-9 மெயில் என்று பழைய ஆப் ஒன்று இருந்ததே, அது 2022-ல் தண்டர்பேர்டு குழுவோடு சேர்ந்தது. 2024 அக்டோபரில் தண்டர்பேர்டு என்ற பெயரில் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. இலவசம், விளம்பரம் கிடையாது. தோற்றம் ஆபீஸ் ரெஜிஸ்டர் மாதிரிதான் இருக்கும். செட் செய்யும்போது சர்வர் பெயரும் போர்ட் எண்ணும் கேட்டால், வரும் மெயிலுக்குப் பெரும்பாலும் 993, போகும் மெயிலுக்கு 465 அல்லது 587.

பையன் போட்ட அவுட்லுக்கும் மோசமில்லை, காலண்டர் உள்ளேயே இருப்பது சௌகரியம். ஆனால் இன்பாக்ஸை ‘ஃபோகஸ்டு’, ‘அதர்’ என்று அதுவாகவே இரண்டாகப் பிரிக்கும். புது பையரின் முதல் விசாரிப்பு ‘அதர்’ பக்கம் போய் உட்கார்ந்துகொண்டால் நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். செட்டிங்கில் முதல் வேலையாக அதை அணையுங்கள். இன்னொன்று, மற்ற நிறுவனங்களின் மெயிலையும் அது பொதுவாக மைக்ரோசாஃப்ட் சர்வர் வழியாகத்தான் கொண்டுவரும். அது உங்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள்.

ஜோஹோ நம்ம ஊர்ச் சரக்கு என்பது சரிதான். சென்னையில் தலைமையகம், தென்காசிப் பக்கம் ஆபீஸ், மெயிலில் விளம்பரம் கிடையாது. ஆனால் நண்பர் சொல்வது ஆப்பை மாற்றும் யோசனை அல்ல, மெயில் சேவையையே மாற்றும் யோசனை. அதற்கு டொமைனின் (ஐடியில் @ குறிக்குப் பின் வரும் கம்பெனி பெயர்) எம்எக்ஸ் ரெக்கார்டை, அதாவது மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவை, மாற்ற வேண்டும். தாராளமாகச் செய்யலாம், ஆர்டர் சீசனில் மட்டும் அதில் கை வைக்காதீர்கள்.

எதை வைத்துக்கொண்டாலும், புது மெயில் எழுதும்போது ‘ஃப்ரம்’ வரியில் எந்த ஐடி இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். பல ஐடிகளை ஒரே ஆப்பில் வைத்திருப்பவர்கள், கம்பெனி கொட்டேஷனை வீட்டு ஐடியிலிருந்து அனுப்புவது சர்வசாதாரணம்.

கேள்வி: இலவச மெயில் ஆப்கள் நம் மெயிலைப் படிக்கின்றன என்கிறார்களே, உண்மையா? (இல்லத்தரசி, திண்டுக்கல்)

பதில்: எல்லா ஆப்பும் ஒன்றல்ல. விளம்பரத்துக்காக மெயிலுக்குள் இருப்பதை அலசுவதை நிறுத்துவதாக கூகுள் 2017-ல் அறிவித்தது; ஆனால் ஜிமெயிலில் ‘ப்ரொமோஷன்ஸ்’ பக்கத்தில் விளம்பரம் வருவது தொடர்கிறது. நான் அதிகம் பயப்படுவது, "குப்பை மெயிலைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று வரும் முன்பின் தெரியாத ஆப்களைப் பார்த்துத்தான். அமெரிக்காவில் அன்ரோல்மீ என்ற சேவை இப்படித்தான் உள்ளே வந்தது. மக்கள் கடைகளில் வாங்கிய பொருட்களின் ரசீது மெயில்களிலிருந்த விவரம் அதன் தாய் நிறுவனம் வழியாகச் சந்தை ஆய்வுக்குப் போனது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2019-ல் நடவடிக்கை எடுத்தது.

போனிலிருந்து ஆப்பை நீக்கினால் மட்டும் போதாது, கொடுத்த அனுமதி அப்படியே நிற்கும். கூகுள் அக்கவுண்ட்டில் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குப் போய், வெளி ஆப்களுக்குக் கொடுத்த அனுமதிப் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர்களை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: ஜிமெயில் ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது என்று வருகிறது. வேறு ஆப் போட்டால் தீருமா?

பதில்: தீராது. 15 ஜிபி என்பது அக்கவுண்ட்டுக்கான அளவு, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இந்தக் கணக்கில்தான் வருகிறது. பல வீடுகளில் இடத்தைத் தின்பது மெயில் அல்ல, காலை வணக்க வீடியோக்கள்தான். பணம் கட்டி இடம் வாங்கும் முன், வாட்ஸ்அப் பேக்கப் செட்டிங்கில் ‘வீடியோ சேர்’ என்பதை அணைத்துவிட்டு, மறுபடி ஒரு பேக்கப் எடுத்துப் பாருங்கள்.