ஷிஃப்ட் மாறினாலும் தினமும் மங்கோலியம் படிக்க முடியுமா?

கேள்வி: திருச்சியில் பைப்பிங் சூபர்வைசராக இருக்கிறேன். மங்கோலியாவில் சைன்ஷாண்ட் பக்கம் இந்தியக் கடனுதவியில் கட்டப்படும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு அடுத்த வருடம் போக வாய்ப்பு இருக்கிறது. மொழி படிக்கலாம் என்று ஆரம்பிப்பேன், ஒரு வாரத்தில் நின்றுவிடும். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் நேரம் நிலைக்கவில்லை. ஒரு ஏஜென்ட், பாரம்பரிய எழுத்தும் சேர்த்து மூன்று மாதத்தில் சான்றிதழோடு முடித்துத் தருவதாகச் சொல்லி 18,000 ரூபாய் கேட்கிறார். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் ஷிஃப்ட் பிரச்சினையைப் பார்ப்போம்.

'இரவு எட்டு மணிக்குப் படிப்பேன்' என்று நினைத்திருப்பீர்கள். இந்த வாரம் எட்டு மணிக்கு வீட்டில் இருப்பீர்கள், அடுத்த வாரம் பிளான்ட்டில் இருப்பீர்கள். ஷிஃப்ட் பார்க்கிறவருக்குக் கடிகாரம் ஒத்துவராது. எந்த ஷிஃப்ட் ஆனாலும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு படிப்பைச் சேர்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்த கையோடு நோட்டைத் திறக்க வேண்டும். நோட்டும் பேனாவும் அங்கேயே, சமையலறை அலமாரியில் இருக்கட்டும். தேடிப் போகிற இடத்தில் வைத்தால் போகமாட்டீர்கள்.

இருபது நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் பழைய வாக்கியங்களைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். அடுத்த பத்து நிமிடத்தில் ஒரே ஒரு புது வாக்கியம். மீதி ஐந்து நிமிடம் அதை வாய்விட்டுச் சொல்லி, போனில் பதிவு செய்து, மங்கோலியர் ஒருவர் பேசும் ஒலியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். டபுள் டியூட்டி பார்த்த நாளில் இதெல்லாம் நடக்காது. அன்று பழைய வாக்கியம் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். அதுவும் கணக்கில் சேரும்.

அப்புறம், 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு வாரத்தில் நீங்கள் தோற்கவில்லை, ஒரு வாரத்தில் யாருக்கும் வராது.

முதல் பத்து நாள் எழுத்து மட்டும் போதும். மங்கோலியாவில் இன்று எழுதுவது சிரிலிக், அதாவது ரஷ்ய மொழி எழுதப்படும் எழுத்து முறை. மங்கோலிய சிரிலிக்கில் 35 எழுத்துகள், ரஷ்ய எழுத்துகள் 33உடன் இரண்டு உயிரெழுத்துகள் கூடுதல். அந்த இரண்டில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தண்ணீருக்கும் 'உஸ்', தலைமுடிக்கும் 'உஸ்' என்று தமிழில் எழுதி வைத்துக்கொள்வார்கள். மங்கோலியர் காதுக்கு அவை வேறு வேறு உயிர்கள், எழுத்தும் வேறு. நான் இங்கே தமிழில் எழுதுவது உங்களுக்குக் காட்டுவதற்காக மட்டுமே. உங்கள் நோட்டில் சிரிலிக் தவிர வேறு எதுவும் வேண்டாம், ஆங்கில எழுத்தும் வேண்டாம்.

எழுத்து முடிந்ததும் வாக்கியம். இங்கே தமிழருக்குப் பெரிய சாதகம் இருக்கிறது. 'பி நொம் உன்ஷிஜ் பைன' என்றால் நான், புத்தகம், படித்துக்கொண்டு, இருக்கிறேன். அதே வரிசை. கேள்வி கேட்க நாம் கடைசியில் 'ஆ' போடுவது போல அவர்கள் 'ஊ' போடுவார்கள்: 'உஸ் பைன ஊ?', தண்ணீர் இருக்கிறதா? நான், நீ, அவர்கள் என்று வினைச்சொல்லும் மாறாது. வேற்றுமை அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள், வாக்கியத்தோடு அது வரட்டும். மங்கோலியம் கற்க 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்ற அமெரிக்க வெளியுறவுத் துறையின் கணக்கைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் போட்ட கணக்கு. ஆனாலும் தினம் இருபது நிமிடம் என்பது வருடத்துக்கு 120 மணி நேரம்தான். எண்கள், நலம் விசாரிப்பு, கடை, வேலையிடத்தில் 'நிறுத்து', 'கொண்டு வா' இவ்வளவு வரும். உங்களுக்கு இப்போது வேண்டியதும் அதுதான்.

இப்போது பாரம்பரிய எழுத்து. மேலிருந்து கீழாக எழுதும் அந்த எழுத்து அழகானது, நமக்கு ரூபாய் மாதிரி அவர்களுக்கு துக்ரிக், அந்த நோட்டிலும் இருக்கிறது. 2025 முதல் அரசு ஆவணங்கள் இரண்டு எழுத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. ஏஜென்ட் இதைத்தான் காட்டுவார். ஆனால் 1946இலிருந்து நாட்டின் அன்றாட எழுத்து சிரிலிக். சைன்ஷாண்டில் கடைப் பலகையிலிருந்து குறுஞ்செய்தி வரை அதில்தான் ஓடுகிறது. நீங்கள் சீனாவின் உள் மங்கோலியாவுக்கு, ஹோஹாட் மாதிரி ஊருக்குப் போவதாக இருந்தால் கதை வேறு. அங்கே சிரிலிக் செல்லாது, பலகைகளில் சீனமும் பாரம்பரிய எழுத்தும்தான். அப்படிப் போகிறவர் முதல் நாளே அதில் தொடங்க வேண்டும், சிரிலிக் புத்தகம் அவருக்கு வீண் செலவு. பழைய ஏடுகளை ஆராய்கிறவருக்கும் அது தேவை. உங்களுக்கு இரண்டும் பொருந்தாது. அதன் எழுத்துக்கூட்டல் பழைய உச்சரிப்பை ஒட்டியது, இன்றைய பேச்சைத் தேடினால் அதில் கிடைக்காது. ஆரம்பத்தில் இரண்டையும் சேர்த்துப் படித்தால் இரண்டும் போகும்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைப் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு 'மெட்டீரியல்' என்று விற்கிறார்கள். சான்றிதழ் இருந்தால் விசா சுலபம் என்பார்கள். சான்றிதழ் வேண்டுமா என்று சொல்ல வேண்டியவர் உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் ஆள் எடுப்பதாகவும் சொன்னால், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற முகவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

2015இல் பிரதமர் மங்கோலியா போனபோது 100 கோடி டாலர் கடன் அறிவித்தார்கள். இவ்வளவு பெரிய தொகை போகிற இடத்துக்கு வேலைக்குப் போகிறவர் கையில் இருபது பக்க மொழிக் கையேடு ஒன்று கொடுப்பதை நான் பார்த்ததில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இந்த ஏஜென்ட்கள் பிழைக்கிறார்கள். கோபம் வருகிறது.

பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் அறுபது நாள் பொறுங்கள். அதற்குப் பிறகு மங்கோலியர் ஒருவரிடம் வாரம் அரை மணி நேரம் வீடியோ காலில் பேசக் கட்டணம் கொடுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாகக் கொடுங்கள், மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். நோட்டில் எழுதிய வாக்கியங்களை அவரிடம் சொல்லிக் காட்டி, உச்சரிப்பை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.