கார் சத்தத்துக்காகப் புதுக் கார் கேட்க முடியுமா?

கேள்வி: நாங்கள் கானாடுகாத்தானில் இருக்கிறோம். 14 மாதங்களுக்கு முன் 9 லட்சத்துக்குப் புதுக் கார் வாங்கினோம். ஆறாவது மாதத்திலிருந்து வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம். நான்கு தடவை சர்வீஸ் சென்டரில் விட்டும் "உங்க ஊர் ரோடு அப்படி" என்று திருப்பி அனுப்பினார்கள். மேலாளர் என் கணவரை எல்லோர் முன்னாலும் மரியாதை இல்லாமல் பேசினார். பிள்ளையார்பட்டிக்குப் போகும்போது சம்பந்தி வீட்டார் "பழைய வண்டியா?" என்று கேட்டுவிட்டார்கள். கடைசியில் காரைக்குடியில் தெரிந்த மெக்கானிக்கிடம் இடது பக்க லிங்க் ராடை (சக்கரத்தின் அதிர்வுதாங்கியோடு இணைந்த சிறு கம்பி) மாற்றினோம். அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது, வலது பக்கம் நிற்கவில்லை. புதுக் காரும் மன உளைச்சலுக்கு 5 லட்சமும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: மேலாளர் பேசியதையும் சம்பந்தி வீட்டார் கேட்டதையும் தள்ளி வையுங்கள். அவற்றால் வழக்கு நிற்காது. சிவகங்கை நுகர்வோர் ஆணையம் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: வாரண்டி காலத்தில் அந்தப் பாகத்தில் குறை இருந்தது என்பதற்கு என்ன சான்று?

புதுக் கார் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டியின் கடமை, முழு வண்டியை அல்ல என்று 2006-லேயே மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாற்றிக்கூடச் சரிசெய்ய முடியாத உற்பத்திக் குறை என்றால் கதை வேறு. லிங்க் ராடை மாற்றியதும் இடது பக்கம் சத்தம் நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துப் படிப்பது அந்த வரியைத்தான்.

அடுத்து, அந்த நான்கு ஜாப் கார்டுகளை (வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் எழுதும் வேலைச் சீட்டு) எடுத்துப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வாயால் சொன்ன புகார் கார்டில் இருக்காது. "ஜெனரல் சர்வீஸ், வாட்டர் வாஷ்" என்று மட்டும் இருக்கும். வண்டியை எடுக்கும்போது "வேலை திருப்தி" என்ற இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அப்படி நான்கு கார்டு இருந்தால், நான்கு தடவையும் வண்டி நன்றாக இருந்தது என்பதற்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி. வாரண்டி புத்தகத்தையும் பாருங்கள். ரப்பர் புஷ் (பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம்) எல்லாம் தேய்மானப் பொருள், ஓட்டத்தைப் பாதிக்காத சத்தமும் அதிர்வும் வாரண்டியில் வராது என்று பல கம்பெனிகள் பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து மெக்கானிக் கை வைத்தது. "வெளியாள் கழற்றியதால்தான் கோளாறு" என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிட்டது. கழற்றிய பழைய லிங்க் ராட் எங்கே? பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முன் இன்றைக்கே போய் வாங்குங்கள். அதன் முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா, கிரீஸ் வற்றிப்போயிருக்கிறதா, உறைக்குள் இருக்கும் குண்டைக் கையால் அசைத்தால் லொடலொட என்று ஆடுகிறதா என்று படம், வீடியோ எடுங்கள். அப்புறம் துடைக்காமல், கழுவாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள். மெக்கானிக்கிடம் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம் எழுதிய பில் வாங்குங்கள்.

உங்களுக்கு மிச்சமிருக்கும் வழக்கு அந்த வலது பக்கம்தான். அதை வெளியில் யாரும் தொடக்கூடாது. சர்வீஸ் அட்வைசரை வண்டியில் உட்கார வைத்து, சத்தம் வரும் அதே ரோட்டில் ஓட்டிக் காட்டுங்கள். "வலது முன் சக்கரம், 20 கிலோமீட்டர் வேகம், வேகத்தடையில் இறங்கும்போது" என்று கார்டில் எழுத வையுங்கள். எழுத மறுத்தால் அன்றைக்கே ஈமெயில் அனுப்புங்கள். ஸ்டீயரிங் திருப்பும்போதும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட் (அதிர்வுதாங்கியின் மேல்முனையை வண்டியோடு பிடித்திருக்கும் பாகம்) பக்கம் சந்தேகம் போகும், அதையும் குறிப்பிடுங்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட் (குண்டு இணைப்பு) ஆட்டம் கொடுக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். ஓடும்போது அது கழன்றால் சக்கரம் உங்கள் பிடியில் இருக்காது. வழக்குக்காக உயிரை வைத்து விளையாட வேண்டாம்.

வழக்கு என்று வந்தால் நிபுணர் அறிக்கை இல்லாமல் ஜெயிப்பது கஷ்டம். மோட்டார் வாகன ஆய்வாளரையோ, காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி மெக்கானிக்கல் பேராசிரியரையோ நியமிக்கச் சொல்லி மனுப் போடலாம். சோதனைக் கட்டணம் உங்கள் கையிலிருந்துதான் போகும். அதுவரை வண்டியை ஓட்டாமல் வைப்பீர்களா? ஓட்டினால், அந்தத் தேய்மானமும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

அதனால் சொல்கிறேன், சமரசமாகப் போங்கள். டீலர், கம்பெனி இருவருக்கும் நோட்டீஸ் அனுப்பி நான்கைக் கேளுங்கள்: வலது லிங்க் ராடும் ஸ்ட்ரட் மவுண்டும் இலவசமாக மாற்றுவது, இடது பக்கத்துக்கு நீங்கள் கொடுத்த பணம், ஓராண்டு கூடுதல் வாரண்டி, அதே சத்தம் திரும்ப வந்தால் மறுபடி செய்து தருவோம் என்ற எழுத்து. கடைசியில் சொன்ன எழுத்து இல்லாமல் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மறுத்தால் வழக்குப் போடுங்கள். டீலர் சரியாகப் பார்க்கவில்லை என்ற சேவைக் குறைபாட்டையே முதலில் வையுங்கள். மன உளைச்சலுக்கு 5 லட்சம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

புகார் கொடுக்க இரண்டு ஆண்டுதான் கெடு. நோட்டீஸ், ஈமெயில் என்று எத்தனை அனுப்பினாலும் கெடு நீளாது. பாதுகாப்புக்கு, முதல் ஜாப் கார்டின் தேதியிலிருந்தே எண்ணுங்கள். அதில் ஏற்கெனவே ஏறக்குறைய எட்டு மாதம் போய்விட்டது.