தம்பியின் ரைபிளுக்கு எந்தக் கட்டை?

வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர், ராணுவத்தில் ஆயுதப் பழுதுபார்ப்பு வேலையில் 24 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மண்டபத்தில் வசிக்கிறார்.)

கே: என் தம்பி நியூசிலாந்தில் குடும்பத்தோடு இருக்கிறான். துப்பாக்கி உரிமம் எடுத்துவிட்டான். மான் வேட்டைக்கு ரைபிள் வாங்கப் போகிறான். தோளில் அணைத்துப் பிடிக்கிற அதன் கட்டை (ஸ்டாக்) சாதாரணமாக வரும் நிலையானதே போதுமா, நீளமும் உயரமும் கூட்டிக் குறைக்கிற கட்டை வாங்கலாமா என்று குழம்புகிறான். விலையில் நிறைய வித்தியாசம். ஆள் ஐந்தடி நாலு அங்குலம். உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னான்.
– ஒரு வாசகி, கீழக்கரை

ப: தங்கச்சி, கடைக்குப் போவதற்கு முன்னால் தம்பியை ஒரு இஞ்ச் டேப் எடுக்கச் சொல்லுங்கள். கையை நேர்கோணமாக மடக்கி, முழங்கையின் உள்மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை அளந்து எழுதி வைக்கட்டும். விசையிலிருந்து பட், அதாவது தோளில் அணைகிற பின்பக்கக் கட்டை, அதன் பின்முனை வரை எத்தனை அங்குலம் இருந்தால் அவனுக்குத் தோதுப்படும் என்பதற்கு அது ஒரு உத்தேசக் கணக்கு. கடையில் வரும் ரைபிள்கள் பெரும்பாலும் 13.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அது உங்கள் தம்பியைவிட நாலைந்து அங்குலம் உயரமான ஆளுக்குச் சரி. போதாததற்கு அங்கே குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் மலையேற வேண்டும். அந்தத் துணியே அரை அங்குலத்தைத் தின்றுவிடும். ஆக, அவனுக்குக் குட்டையான கட்டை வேண்டும். பெரிய கம்பெனிகள் பலதும் 12.5 அங்குல அளவில் குட்டை மாடல் போடுகிறார்கள். கூடவே பட்டின் பின்முனையில் இருக்கிற ரப்பர் பட்டைக்கு அடியில் வைக்கிற மெல்லிய தகடுகளும் வரும். ஒன்றை வைத்தால் நீளம் கூடும், எடுத்தால் குறையும்.

அரை அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1982-ல், பயிற்சிக்கு இன்னும் பழைய .303 ரைபிள்கள் இருந்தன. மலை மாநிலத்துப் பையன் ஒருவன், குள்ளம், தோள் முழுக்க நீலம் பாரித்து வந்து நின்றான். பட் நீளமாக இருந்ததால் அது தோள் குழியில் உட்காராமல் புஜத்து எலும்பின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் எலும்பில் உதை. அந்த உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிவிடுவான். குண்டு எங்கே போகும்?

அந்த .303-க்கு நாலு அளவில் பட் செய்தார்கள். மிகக் குட்டை, குட்டை, சாதாரணம், நீளம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை அங்குலம். குட்டைக்கு எஸ், நீளத்துக்கு எல் என்று மரத்தில் எழுத்துக் குத்தியிருக்கும். சாதாரண அளவு பட்-ஐக் கழற்றிவிட்டு எஸ் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். பட்டுக்குள்ளே நீளமாக ஒரு போல்ட் ஓடும். பின்தகட்டின் சின்னக் கதவைத் திறந்து, முழ நீள ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுத்தான் அதைத் திருக வேண்டும். அந்த .303-ன் பழைய மாடலான மார்க் 3-ல் அந்தப் போல்ட்டின் முனை சதுரமாக இருக்கும், முன்கட்டைக்குள் ஒரு தகட்டில் பொருந்தி நிற்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அவசரப்பட்டுத் திருகினால் மரம் நெடுக்கப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்த இரண்டு கட்டைகளை என் பெஞ்சுக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். சரி, பையன் கதைக்கு வருகிறேன். அந்த வாரமே அவன் சுடும் வரிசையில் ஒழுங்காகச் சுட ஆரம்பித்துவிட்டான். மாறியது அரை அங்குல மரம் மட்டும்தான்.

நீளத்தைவிட முக்கியமானது உயரம். கன்னம் எங்கே படுகிறது என்பதுதான் கண் எங்கே இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பழைய காலத்துக் கட்டைகள் குழாயின் மேலே இருக்கிற இரும்புக் குறிக்காகச் செதுக்கியவை. அதனால் கன்னம் படும் இடம் தாழ்வு. அதே கட்டையில் ஸ்கோப் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் குறிக்கண்ணாடி) மாட்டினால் கண் ஒரு அங்குலம் மேலே போக வேண்டும், கன்னம் மரத்தை விட்டுத் தூக்கிக்கொள்ளும். கன்னம் அந்தரத்தில் இருந்தால் கண் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். அப்படி நின்றுகொண்டு மானைக் குறி பார்த்தால் அடி வயிற்றில் பட்டு அது தப்பி ஓடிப்போய், எங்கோ புதருக்குள் நாள் கணக்கில் துடித்துச் சாகும். இதற்காகத்தான் நான் கட்டை விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன்.

கடையில் ரைபிளைக் கையில் கொடுத்ததும் குண்டு இருக்கும் அறை காலியா என்று தானே திறந்து பார்க்கட்டும். குழாய் ஆள் இல்லாத பக்கம் இருக்கட்டும். அந்தக் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கழுத்துக்கு எது சுகமோ அப்படிக் கன்னத்தை வைக்கட்டும். அப்புறம் கண்ணைத் திறக்கட்டும். ஸ்கோப்புக்குள் வட்டம் முழுசாகத் தெரிந்தால் அந்தக் கட்டை அவனுக்குப் பொருந்துகிறது. ஓரத்தில் பிறை மாதிரி கறுப்பு விழுந்தால், தலையை மேலே தூக்கினால் போகிறதா, கீழே இறக்கினால் போகிறதா என்று பார்த்துக் கட்டை தாழ்வா உயரமா என்று கண்டுபிடித்துவிடலாம். நின்று, உட்கார்ந்து, படுத்து, மூன்று விதமாகவும் பார்க்க வேண்டும். படுக்கும்போது தலை முன்னே நகர்ந்துவிடும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்று நாலு அங்குலம் இடைவெளி இல்லையென்றால் உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு. ஒரே ஆள், நடந்து திரிந்து வேட்டை, முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்கோப் என்றால் நான் நிலையான கட்டையைத்தான் வாங்கச் சொல்வேன். அளவு பொருந்தியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எடை குறைவு. மூன்று கிலோ துப்பாக்கியோடு மலையில் நாள் முழுக்க நடக்கிறவனுக்கு ஒவ்வொரு அரைக் கிலோவும் சாயங்காலம் தெரியும். புதருக்குள் ஊர்ந்து போகும்போது லொடலொடவென்று சத்தம் போட அதில் ஒன்றும் கிடையாது. மரம் அழகு, ஆனால் ஈரத்தில் ஊதும். ஊதிக் குழாயைத் தொட்டால் குண்டு விழும் இடம் மாறும். எனவே மழைக் காட்டுக்குச் செயற்கைக் கட்டையோ, ஒட்டிச் செய்த பலகைக் கட்டையோ நல்லது. குழாய்க்கும் முன்கட்டைக்கும் நடுவில் ஒரு தாளை விட்டு இழுத்துப் பார்க்கட்டும். தடையில்லாமல் போக வேண்டும். சில ரைபிள்களில் வேண்டுமென்றே முனையில் தொடும்படி வைத்திருப்பார்கள். அதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

கூட்டிக் குறைக்கிற கட்டை யாருக்கு? 50, 56 மில்லிமீட்டர் பெரிய ஸ்கோப்பை உயரமாக மாட்டி, படுத்துக்கொண்டு தூரத்துக்குச் சுடுகிறவருக்கு. ஒரே துப்பாக்கியைப் புருஷனும் பெண்டாட்டியும் மாற்றி மாற்றி எடுக்கிற வீட்டுக்கு. அவன் மனைவியும் உரிமம் எடுக்கப் போகிறாள் என்றால் என் பதில் மாறும். வாங்கினால், கன்னத் துண்டைத் தன் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டு, ரைபிளின் போல்ட்டை (குண்டு ஏற்ற முன்னும் பின்னும் இழுக்கிற இரும்புத் தண்டை) பின்னால் முழுசாக இழுத்துப் பார்க்கட்டும். பல கட்டைகளில் கன்னத் துண்டு போல்ட்டுக்குக் குறுக்கே வரும். துப்பாக்கி துடைக்க ஒவ்வொரு முறையும் அதை இறக்க வேண்டி வரும், திரும்ப ஏற்றும்போது அளவு தவறும். திருகுக்கும் கட்டைக்கும் சேர்த்து நகச்சாயத்தால் மெல்லிசாக ஒரு கோடு போட்டுவிட்டால், திருகு தளர்ந்து நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, உப்பு. போன வருஷம் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் ஏர் ரைபிள் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். பாம்பன் பக்கம் ஒரு வீட்டில் எட்டு மாதம் பையிலேயே கிடந்தது. அலுமினியக் கட்டை, இரும்புத் திருகு. இரண்டும் சேருமிடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் பூத்து, திருகு உள்ளேயே இறுகிவிட்டது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, கழற்றி முடிக்க இரண்டு நாள். உங்கள் தம்பி இருப்பதும் கடல் சூழ்ந்த நாடு. கூட்டிக் குறைக்கிற கட்டை என்றால் மாதம் ஒரு முறை பிரித்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவைத்து, திருகுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.

நடுவழியும் ஒன்று உண்டு, காசும் மிச்சம். நிலையான கட்டையே வாங்கி, கன்னம் தாழ்ந்திருந்தால் மெத்தை ஸ்பாஞ்சை அடுக்கடுக்காக வைத்து டேப் சுற்றி உயரத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு, அந்த உயரத்துக்குத் தோல் கன்னப் பட்டை ஒன்றைக் கட்டிவிடலாம். தம்பிக்கு இதுதான் என் முதல் யோசனை. மார்ச் கடைசியில் அங்கே செம்மான் கத்தும் பருவம் தொடங்கும். அதற்கு இரண்டு மாதம் முன்பே வாங்கிப் பழகட்டும்.

கே: அங்கே வேட்டை சரி என்கிறீர்கள். இங்கே கவுதாரி, முயல் அடித்தால் மட்டும் ஏன் குற்றம்?
– ஒரு வாசகர், தேவிபட்டினம்

ப: நியூசிலாந்தின் சொந்தப் பாலூட்டிகளில் தரையில் வாழ்வது என்று பார்த்தால் வௌவால் மட்டும்தான். மான் எல்லாம் கப்பலில் கொண்டுபோய் விட்டவை. தின்ன ஆள் இல்லாமல் பெருகி அந்த நாட்டுக் காட்டையே மேய்கின்றன. 1904-ல் இமயமலை வரையாட்டைக்கூடக் கொண்டுபோய் விட்டார்கள். அதைச் சுட அங்கே அனுமதி உண்டு. அதன் தூரத்துச் சொந்தமான நீலகிரி வரையாடு நம் மாநில விலங்கு, மிஞ்சியிருப்பதே கொஞ்சம். கவுதாரியும் முயலும் இந்த மண்ணுக்கே உரியவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைச் சுடுவது, கண்ணி வைப்பது எல்லாமே குற்றம். காட்டுப் பன்றி கடலையை அழித்தாலும் வனத்துறையிடம்தான் போக வேண்டும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கே: எட்டாவது படிக்கும் மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். பயிற்சியாளர் எல்லாப் பக்கமும் மாற்றிக்கொள்கிற கட்டைதான் வேண்டும் என்கிறார். அவ்வளவு செலவு தேவையா?
– ஒரு தாய், தொண்டி

ப: தேவைதான் அம்மா. வளரும் பிள்ளை. இந்த வருஷ அளவு அடுத்த வருஷம் பொருந்தாது. இந்தப் போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியின் குறுக்களவே அரை மில்லிமீட்டர். நின்றபடி அறுபது தடவை, ஒரே இடத்தில் கன்னம், ஒரே இடத்தில் தோள் வர வேண்டும். நிலையான கட்டையில் அதைச் சாதிக்கப் பிள்ளை தன் கழுத்தை வளைத்துப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. போட்டி விதிப்படி ரைபிள் 5.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எட்டாவது பிள்ளைக்கு அதுவே கனம், இருப்பதில் இலேசானதாகக் கேளுங்கள். புதிது வாங்க முடியாவிட்டால் கிளப்பில் மூத்த பிள்ளைகள் விற்கிற பழையதை விசாரியுங்கள். ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு திருகும் எந்த அளவில் நிற்கிறது என்பதைத் தேதியோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள். கன்னத்தைக் கட்டை மேல் வைக்க வேண்டும், அமுக்கக் கூடாது.

கே: தாத்தாவின் உரிமம் பெற்ற ஒற்றைக்குழாய்த் துப்பாக்கியின் கட்டை கைப்பிடியில் விரிந்துவிட்டது. வத்தை (சின்னப் படகு) கட்டுகிற ஆசாரி பூவரசில் செய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், சாயல்குடி

ப: ஆசாரியின் கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூவரசும் இறுகிய மரம்தான். ஆனால் துப்பாக்கியைப் பழுதுபார்க்க 1959 ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். அது இல்லாதவர் கையில் கொடுத்தால் உங்களுக்கும் வழக்கு, அவருக்கும் வழக்கு. உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்கே கொண்டுபோங்கள். புதுக் கட்டை போட்டால் கைப்பிடி வளைவில் மர ரேகை நெடுக்காக ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே ஓடினால் மறுபடி அதே இடத்தில் விரியும். தாத்தா தவறிவிட்டார் என்றால், உரிமம் உங்கள் பெயருக்கு வரும் வரை துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் குழாய்க்கு உள்ளும் புறமும் எண்ணெய் பூசி, விரிசலைப் பல கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.