பதில்: ரப்பர் மேட் மேல் பறக்கும் 7 அயர்ன், புல்லில் மண்ணை வெட்டுகிறது

கோல்ஃப் பயிற்சி ரேஞ்சில் ரப்பர் மேட் மேல் 7 அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான மட்டை) நன்றாகப் போகிறது, கோர்ஸில், அதாவது நிஜ ஆட்டத் திடலில், இறங்கினால் பந்துக்குப் பின்னாலேயே தரையில் குத்துகிறது என்கிறீர்கள். அந்த மேட்டை நம்பாதீர்கள். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் இறங்கினாலும் கிளப் (மட்டை) வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும், தப்பே தெரியாது. புல் விடாது.

நீங்கள் வலது கைக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பெரும்பாலும் அடிக்கும்போது எடை வலது காலிலேயே தங்கிவிடுகிறது, பந்தைக் கிளப்பிவிட வேண்டும் என்ற ஆசையில். அது வேண்டாத வேலை. 7 அயர்னின் முகமே சுமார் 30 டிகிரி சாய்ந்திருக்கிறது, தூக்குவதை அது பார்த்துக்கொள்ளும்.

பயிற்சி பங்கரில் (மணல் குழியில்) மணலில் ஒரு கோடு போடுங்கள். கோடு இரு கால்களுக்கும் நடுவே வருகிற மாதிரி நின்று, பந்தில்லாமல் கிளப்பைச் சுற்றுங்கள். மணல் கோட்டிலிருந்து இலக்குப் பக்கமாகத்தான் பெயர வேண்டும். கோட்டுக்குப் பின்னாலேயே பெயர்ந்தால், எடையில் பாதிக்கு மேல் இடது காலில் வைத்தே தொடங்கி அரைச் சுற்று மட்டும் சுற்றிப் பாருங்கள். சரியாக வந்ததும் அதே அரைச் சுற்றில் புல்லில் பந்தை வையுங்கள்.

அப்புறம், பந்தை டிரைவருக்கு (நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) வைப்பது போல இடது குதிகாலுக்கு நேரே வைக்கிறீர்களா? அப்படியானால் முதலில் அதை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.