ஏற்காடு எஸ்டேட் ஆபீசுக்கு டையா, டி-ஷர்ட்டா?

தம்பி, சேலத்திலிருந்து தினமும் பைக்கில் ஏற்காடு போய் காபி எஸ்டேட்டில் கணக்கு வேலை, டை கட்டணுமா, டி-ஷர்ட் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டை வேண்டாம். முதல் வாரம் முழுக்கைச் சட்டை, அடர்நிறப் பேன்ட். மேனேஜர் என்ன போடுகிறார் என்று பார்த்துவிட்டு அப்புறம் குறைத்துக்கொள்ளலாம். டி-ஷர்ட்டில் ஆரம்பித்தால் பிறகு ஏற்றுவது கஷ்டம்.

உண்மையில் பிரச்சினை மலைதான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி சுமார் 1500 மீட்டர் உயரம் போனால் சேலம் அஸ்தம்பட்டி வெயில் மறந்துபோகும். மூடுபனியில் லினன் சட்டை நமுத்துக் கசங்கிவிடும் (பட்ட அனுபவம்). பாலியஸ்டர் கலந்த காட்டன் எடுங்கள், மேலே மழைக்கோட்டு. தோல் ஷூவை ஆபீசிலேயே வைத்துவிடுங்கள். தோட்டச் சேற்றுக்கு ரப்பர் செருப்புதான் சரி.